கரண்ட் இருக்கா?

எங்க ஊர்ப் பேச்சில் வோல்டேஜும் கரண்ட்தான், ஆம்பியரும் கரண்ட்தான். "கரண்ட் வந்துட்டா?" என்று கேட்டால், வயரில் மின்சாரம் வந்து நிற்கிறதா என்று பொருள். அது ஓடுகிறதா என்பது வேறு கேள்வி. அதை யாரும் கேட்பதில்லை. கேட்காததால், ராதாபுரம் பக்கம் மாமா நடத்தும் பாக்குமட்டைத் தட்டுப் பட்டறையில் ஓர் அக்காவின் கூலி வாராவாரம் குறைந்துகொண்டிருந்தது.

நனைத்த மட்டையைச் சூடான டையில் வைத்து அழுத்தினால் தட்டு. அந்த டைக்குள் விரல் தடிமனில் மூன்று ஹீட்டர்கள், ஒவ்வொன்றும் 500 வாட். நடுவே ஒரு தெர்மோகப்பிள். கண்ட்ரோலரில் 110 என்று வைத்தால் 110 காட்டும். அந்த அக்காவின் மெஷினிலும் 110தான் காட்டியது. ஆனால் தட்டின் ஒரு ஓரம் மட்டும் படியாமல் விரிந்தது. விரிந்த தட்டு கழிவு, கழிவுக்குக் கூலி கிடையாது. "மீட்டர் சரியாக் காட்டுது. கைதான் சரியில்ல" என்பது மாமாவின் தீர்ப்பு.

"தம்பி, நான் எப்பவும் அமுக்குத மாதிரிதான் அமுக்குதேன். ஓரம் விரியுது. நான் என்ன செய்ய?" என்றார் அக்கா.

மோட்டார் வைண்டிங் கடையில் டாங் டெஸ்டர் இரவல் வாங்கிவந்து ஹீட்டர் வயரைக் கவ்வினேன். மூன்று ஹீட்டருக்கு 230 வோல்ட்டில் 6.5 ஆம்பியர் ஓட வேண்டும். ஓடியது 4.3. ஓர் ஓரத்து ஹீட்டர் எரிந்து அறுந்திருந்தது.

பிறகு ஏன் 110 மாறவில்லை? கண்ட்ரோலர் அத்தனை சமர்த்து. முன்பு பாதி நேரம் ஹீட்டர்களை ஓட விட்டது, இப்போது முக்கால் நேரம் விடுகிறது. அவ்வளவுதான். இருக்கிற இரண்டும் சேர்ந்து தெர்மோகப்பிளைச் சூடாக வைத்துக்கொள்ளும், தூரத்து ஓரம் ஆறிக் கிடக்கும். நான் வேலை பார்க்கிற இடத்திலும் இது நடக்கும். ஒரு சர்வர் செத்தால் மற்றவை சுமக்கும், திரையில் எல்லாமே பச்சை. அங்கே யாருக்கும் கூலி பிடிக்க மாட்டார்கள்.

இதற்கென்றே சில கண்ட்ரோலர்களில் சி.டி. என்கிற வளையத்துக்கு இடம் உண்டு. ஹீட்டர் வயரை வளையத்துக்குள் நுழைத்துவிட்டால், ஓடுகிற ஆம்பியரை வயரைத் தொடாமலே அது சொல்லும். ஆம்பியர் சிறிதாக இருந்தால் வயரை இரண்டு முறை நுழைக்கலாம், இரண்டு மடங்காகக் காட்டும். 6.5க்கும் 4.3க்கும் நடுவில், 5.4 என்று எல்லை வைக்கிறோம். ஹீட்டரை 'ஓடு' என்று சொன்ன நேரத்தில் அதற்குக் கீழே இறங்கினால் அலாரம்.

நேர் எதிரான பழுதும் உண்டு. 'நில்' என்ற பிறகும் ஓடுவது. ஹீட்டரைப் போட்டு அணைக்கும் எஸ்.எஸ்.ஆர். ஷார்ட் ஆகிவிட்டால் அப்படி ஆகும். இதையும் அதே வளையம்தான் பிடிக்கும்.

ராதாபுரத்திலிருந்து மேற்கே மகேந்திரகிரி தெரியும். அதன் அடிவாரத்தில்தான் இஸ்ரோ ராக்கெட் என்ஜின்களைச் சோதிக்கிறது. அந்த மலையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அப்போலோ 13 நினைவு வரும். அதுவும் ஒரு ஹீட்டர் கதை. 1970 மார்ச்சில், ஏவுவதற்குச் சில வாரங்கள் முன், ஓர் ஆக்சிஜன் தொட்டியைக் காலி செய்ய முடியவில்லை. உள்ளே இருந்த ஹீட்டரைச் சுமார் 8 மணி நேரம் ஓடவிட்டு ஆக்சிஜனை ஆவியாக்கினார்கள். தெர்மோஸ்டாட் 28 வோல்ட்டுக்கானது, கொடுத்தது 65. அணைக்க வேண்டிய நேரத்தில் அதன் முனைகள் உருகி ஒட்டிக்கொண்டன. வெப்பமானியின் அளவுகோலோ 30 டிகிரிக்கு முன்பே முடிந்துவிடும், அதற்கு மேல் காட்டத் தெரியாது. உள்ளே சில இடங்களில் 500 டிகிரிக்கும் மேல் போய், வயரின் டெஃப்லான் உறை சிதைந்திருக்கும் என்று பின்னர் கணித்தார்கள். ஏப்ரல் 13 அன்று விண்வெளியில் தொட்டி வெடித்தது. ஹீட்டரின் ஆம்பியர் தரையிலிருந்த பலகையிலேயே தெரிந்தது. அதைக் கவனித்திருந்தால் தெர்மோஸ்டாட் அணையவில்லை என்று அப்போதே கண்டிருக்கலாம் என விசாரணைக் குழு எழுதியது.

மாமா கண்ட்ரோலரை மாற்றினார். மறு வாரமே போன்: "சாயங்காலம் சும்மா சும்மா கத்துதுல." சுற்றிலும் காற்றாலை சுழலும் ஊர், ஆனாலும் சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும். 190க்கு வந்தால் நல்ல ஹீட்டர்கள் மூன்றும் சேர்ந்தே 5.4க்குக் கீழேதான் இழுக்கும். அவர் அலாரத்தைப் பிடுங்குவதற்குள் எல்லையை 4.8 ஆக்கச் சொன்னேன். ஒரு டையில் பத்து ஹீட்டர் இருந்தால் இந்த வித்தை எடுபடாது. ஒன்று எரிந்தால் பத்தில் ஒரு பங்குதான் குறையும், வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தில் அது மறைந்துபோகும். அங்கே இரண்டு மூன்றாகப் பிரித்துத்தான் வளையம் போட வேண்டும்.

அலாரத்தின் சிவப்பு விளக்கை மாமா தன் மேசைக்கு எதிரில் மாட்டியிருந்தார். அக்கா அதை மெஷின் பக்கம் திருப்பச் சொன்னார், திருப்பியாகிவிட்டது. பிடித்த கூலியில் இரண்டு வாரத்துக்கானது மட்டும் திரும்ப வந்தது. ஹீட்டர் அதற்கு முன்னால் எப்போது எரிந்தது என்பதில் இருவருக்கும் இன்னும் வழக்கு இருக்கிறது.