அஞ்சு மேட்ச்லயே முடிவா? மேடவாக்கம் டீக்கடையில் ஒரு ஐ.பி.எல் பஞ்சாயத்து!

மார்ச் கடைசி வாரம் வந்துவிட்டால் மேடவாக்கம் கூட்ரோட்டில் இரண்டு சத்தம் சேர்ந்து கேட்கும். ஒன்று, மாதவரம் - சோழிங்கநல்லூர் மெட்ரோ வேலைக்காக ஓடும் இயந்திரங்களின் சத்தம். இன்னொன்று, டீக்கடை வாசலில் நடக்கும் ஐ.பி.எல் பஞ்சாயத்து. முதலாவது என்றைக்கு ஓயும் என்று ஊர்க்காரர்கள் யாரும் தேதி சொல்வதில்லை. இரண்டாவது ஜூன் முதல் வாரம் வரை ஓயாது.

காலை ஆறே முக்காலுக்குக் கூட்டம் கூடும். தினமும் தவறாமல் வருகிறவர்கள் மூன்று பேர். ஒருவர் ரயில்வேயில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். கடையில் அவருக்குப் பெயர் 'ரயில்வே சார்'. இரண்டாமவர் தாம்பரம் - வேளச்சேரி சாலையில் ஆட்டோ ஓட்டும் அண்ணன். நெஞ்சைக் கீறினால் மஞ்சள் நிறம் வரும் ரகம். மூன்றாமவர் விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்து, சோழிங்கநல்லூரில் முதல் வேலையில் சேர்ந்து மூன்றே மாதமான தம்பி. பெரும்பாக்கம் ரோட்டில் மூன்று நண்பர்களோடு ரூம். பஜ்ஜி போடும் அக்கா பேச்சில் கலந்துகொள்ள மாட்டார். ஆனால், ஒரு வார்த்தையும் அவர் காதுக்குத் தப்பாது.

கேள்வி எப்போதும் ஒன்றுதான். "இந்த வருஷம் யாருப்பா கெத்து?"

286 அடிச்சவங்க எங்கே?

2025 சீசனில் அந்தக் கேள்விக்கு இரண்டாவது நாளே பதில் கிடைத்துவிட்டதாகத் தம்பி நினைத்தார். மார்ச் 23 அன்று ஐதராபாத் அணி, ராஜஸ்தானுக்கு எதிராக 20 ஓவரில் 286 ரன் குவித்தது. இஷான் கிஷன் சதம். மறுநாள் காலை தம்பிக்கு டீ ஆறியதுகூடத் தெரியவில்லை. "சார், இந்த வருஷம் 300 அடிப்பாங்க. கப்பை இப்பவே குடுத்துடலாம்!"

"அவசரப்படாதே தம்பி. மேல 12 மேட்ச்சுக்கு மேல பாக்கி இருக்கு" என்றார் ரயில்வே சார்.

அடுத்த நான்கு ஆட்டங்களிலும் ஐதராபாத் தோற்றது. கடைசியில் ஆறாம் இடம்.

ஆட்டோ அண்ணனுக்கும் அப்படித்தான். மார்ச் 23 இரவு சேப்பாக்கத்தில் மும்பையைச் சென்னை வீழ்த்தியதும், நூர் அகமது எடுத்த நான்கு விக்கெட்டையும் வரிசையாக ஒப்பித்துக் காட்டினார். ஐந்தே நாளில் நிலைமை மாறியது. 2008-க்குப் பிறகு சேப்பாக்கத்தில் சென்னையை ஜெயிக்க முடியாமல் இருந்த பெங்களூரு, 50 ரன் வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டுப் போனது. அடுத்து டெல்லி வந்தது. அவர்களும் 2010-க்குப் பிறகு முதன்முறையாக இங்கே ஜெயித்தார்கள்.

டெல்லி முதல் நான்கு ஆட்டத்தையும் ஜெயித்ததும் தம்பி கட்சி மாறினார். "நாலுக்கு நாலு சார். இதுக்கு மேல என்ன வேணும்?" அந்த டெல்லி பிளே ஆஃப்புக்கே போகவில்லை. முதல் நான்கையும் ஜெயித்துவிட்டு பிளே ஆஃப்பைக் கோட்டைவிட்ட முதல் அணி என்ற பெயர்தான் மிச்சம்.

கணக்குப் பிள்ளையின் கணக்கு

ஆரம்ப வாரங்களின் பாயின்ட்ஸ் டேபிளை ஏன் நம்பக்கூடாது என்பதற்கு ரயில்வே சார் காரணங்கள் வைத்திருக்கிறார். டீ கிளாஸ்களை வரிசையாக வைத்துத்தான் விளக்குவார்.

முதல் காரணம், மைதானம். சில அணிகளுக்கு ஆரம்பத்தில் சொந்த ஊரில் ஆட்டங்கள் அமையும், சிலவற்றுக்கு வெளியூர். சொந்த மண் எப்போதும் சாதகம் என்றும் சொல்ல முடியாது. 2025-ல் பெங்களூரு தன் ஊரில் ஆடிய முதல் மூன்றிலும் தோற்றது. ஆனால், லீக் சுற்றில் வெளியூரில் ஆடிய ஏழையும் ஜெயித்தது.

இரண்டாவது, பனி. இரவு ஆட்டத்தில் இரண்டாவதாகப் பந்து வீசும் அணிக்குப் பந்து கையில் நிற்காது. சோப்புக்கட்டி மாதிரி வழுக்கும். டாஸ் இரண்டு முறை சாதகமாக விழுந்தாலே சுமாரான அணியும் பலமாகத் தெரியும்.

மூன்றாவது, நெட் ரன் ரேட். "ஒரு ஓவருக்கு நீ சராசரியா எவ்வளவு அடிச்சே, எவ்வளவு விட்டுக்கொடுத்தே... ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான். 20 ஓவர்ல 180 அடிச்சா ஓவருக்கு 9. எதிராளி 20 ஓவர்ல 160 அடிச்சா 8. உனக்குப் பிளஸ் ஒண்ணு. ஆனா, 15 ஓவர்ல ஆல் அவுட் ஆனாலும் 20 ஓவர் ஆடினதாத்தான் கணக்கு. அதனால ஆரம்பத்துல ஒரே ஒரு மேட்ச்ல பெருசா ஜெயிச்சா, அந்த நம்பர் ரொம்ப நாளைக்கு உன்னை அழகாக் காட்டும்" என்பார் ரயில்வே சார்.

தம்பி கல்லூரியில் பாஸ்கெட் பால் ஆடியவர். அமெரிக்காவின் என்.பி.ஏ ஆட்டங்களைக் காலையில் பல் தேய்த்துக்கொண்டே போனில் பார்ப்பவர். அவருக்கு இந்த விளக்கத்தில் சந்தேகம் வந்தது.

"அங்கே ஒரு டீமுக்கு 82 மேட்ச் சார். அக்டோபர்ல ஆரம்பிச்சா ஏப்ரல் வரைக்கும் போகும். அஞ்சு மேட்ச்ல எதுவும் தெரியாதுன்னு சொன்னா ஒத்துக்கறேன். இங்கே மொத்தமே 14. அஞ்சு ஆடினா மூணுல ஒரு பங்குக்கு மேல முடிஞ்சுபோச்சு. அப்புறமும் தெரியாதுன்னா எப்படி?"

நியாயமான கேள்விதான். பதிலும் பாஸ்கெட் பாலிலேயே இருந்தது. அந்த ஆட்டத்தில் ஒவ்வோர் அணிக்கும் சுமார் 100 முறை பந்து கைக்கு வரும். நூறு வாய்ப்பில் அதிர்ஷ்டம் பெரும்பாலும் சமமாகிவிடும். திறமை மேலே வந்துவிடும். டி20-யில் ஒரு கேட்ச் நழுவினால், அந்த ஒரே பேட்ஸ்மேன் ஆட்டத்தை முடித்துவிட்டுப் போகலாம். ஆட்டமும் குறைவு, ஆட்டத்துக்குள் வாய்ப்பும் குறைவு. அதனால் ஐந்து ஆட்டம் சொல்லும் சேதி இன்னும் குறைவு.

அவ்வளவு நீண்ட என்.பி.ஏ சீசனே ஏமாற்றியிருக்கிறது. 2023-ல் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் முதல் மூன்றில் இரண்டை ஜெயித்துவிட்டு, அடுத்த 28 ஆட்டங்களில் தொடர்ந்து தோற்றது. 2015-ல் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் முதல் 24 ஆட்டங்களையும் ஜெயித்தது. சீசனில் மொத்தம் 73 வெற்றி. கடைசியில் கோப்பை கிளீவ்லேண்டுக்குப் போனது. இதைத் தம்பியே சொல்லிவிட்டு, தன் வாதத்தைத் தானே உடைத்துக்கொண்டதை உணர்ந்து சிரித்தார்.

ஆட்டோ அண்ணனின் துருப்புச் சீட்டு

சென்னை ஐந்து ஆட்டங்களில் நான்கைத் தோற்றபோது அண்ணனைக் கிண்டல் செய்யாத ஆளில்லை. அவர் ஒரே ஒரு வருடத்தைச் சொல்வார். "2010!"

அந்த வருடம் முதல் ஏழில் சென்னைக்கு இரண்டே வெற்றி. பிறகு தரம்சாலாவில் பஞ்சாபுக்கு எதிராகக் கடைசி ஓவரில் 16 ரன் தேவை. இர்ஃபான் பதான் பந்தில் தோனி சிக்ஸர்களாக அடித்து முடித்தார். அரையிறுதிக்குப் போன சென்னை, கோப்பையையும் எடுத்தது.

மற்றவர்களிடமும் சீட்டு இருந்தது. 2014-ல் கொல்கத்தா முதல் ஏழில் இரண்டு மட்டும் ஜெயித்து, பிறகு தொடர்ச்சியாக ஒன்பது வென்று சாம்பியன் ஆனது. 2015-ல் மும்பை முதல் நான்கையும் தோற்றுக் கோப்பை எடுத்தது. 2024-ல் பெங்களூரு முதல் எட்டில் ஒன்றே ஒன்று. பிறகு வரிசையாக ஆறு. அந்த ஆறாவது வெற்றி சென்னையை வெளியே அனுப்பிய வெற்றி. அன்று சென்னை 201 எடுத்திருந்தால், தோற்றாலும் பிளே ஆஃப். எடுத்தது 191. இந்தப் பத்து ரன்னைப் பற்றி மட்டும் அண்ணனிடம் யாரும் பேசக்கூடாது என்பது கடையின் எழுதப்படாத சட்டம்.

2025 ஏப்ரல் 11 அன்று அண்ணன் தன் மகளோடு வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறி சேப்பாக்கம் போனார். காயத்தால் ருதுராஜ் விலகி, தோனி மறுபடியும் கேப்டனாக இறங்கிய நாள். சென்னை எடுத்தது 103. கொல்கத்தா 10.1 ஓவரில் முடித்துவிட்டது. சென்னைக்குத் தொடர்ச்சியாக ஐந்தாவது தோல்வி. இதற்கு முன் நடந்ததே இல்லை.

"எப்பவும் கடைசி ரயிலைப் பிடிக்க ஓடணும். அன்னிக்கு நிதானமா வந்து, பாப்பாவுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக்குடுத்துட்டு வந்தேன்" என்றார் மறுநாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால், அன்று டீயை வாங்கிக்கொண்டு ஆட்டோவுக்குள் போய் உட்கார்ந்துதான் குடித்தார்.

காலண்டர் தாளும் கைப்பேசியும்

எல்லா அணிகளும் ஐந்து ஆட்டம் முடித்ததும் கடையில் ஒரு சடங்கு உண்டு. தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம், கோப்பை யாருக்கு என்று ஒவ்வொருவரும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். தாள் மாஸ்டரின் சில்லறை டப்பாவுக்குள் போய்விடும். மாற்றி எழுத முடியாது. ஜெயித்தவருக்குத் தோற்றவர்கள் ஆளுக்கு ஒரு நாள் டீயும் மசால் வடையும்.

2025-ல் தம்பி டெல்லி என்று எழுதினார். ரயில்வே சார், ஐந்தில் நான்கு ஜெயித்திருந்த குஜராத். அண்ணன் வழக்கம்போல சென்னை. அக்காவிடமும் தாளை நீட்டினார்கள். மாவுக் கையைத் துடைத்துவிட்டு "பெங்களூரு" என்றார். "என் தங்கச்சியை அங்கதான் குடுத்திருக்கு."

தம்பி அந்தத் தாளோடு நிறுத்தவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. பணம் கட்டி அணி அமைக்கும் ஆப் ஒன்று அவர் போனில் இருந்தது. ஆரம்பத்தில் 49 ரூபாய். 286 ரன் நாளில் கொஞ்சம் வந்தது. அந்த 'கொஞ்சம்'தான் வினை. ஐதராபாத்தை நம்பி, பிறகு டெல்லியை நம்பி, மூன்று வாரத்தில் 11,000 ரூபாய் போயிருந்தது. மாதாமாதம் அம்மாவுக்கு அனுப்பும் பணத்தை அந்த மாதம் அனுப்பவில்லை. "சம்பளம் லேட்டும்மா" என்று போனில் சொன்னதை, பக்கத்தில் நின்ற ரயில்வே சார் கேட்டுவிட்டார். ஏற்கெனவே மூன்று நாளாகத் தம்பியின் டீ கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது.

அவர் திட்டவில்லை. கூட்டம் கலைந்த பிறகு கேட்டார். "தம்பி, வேலையில சேர்ந்து மூணு மாசம் ஆகுது. இந்த மூணு மாசத்தை மட்டும் வெச்சு, நீ தேறுவியா தேற மாட்டியான்னு உங்க மேனேஜர் முடிவு பண்ணா ஒத்துக்குவியா?"

"எப்படி சார் ஒத்துக்கறது? இப்பதானே கத்துக்கிட்டு இருக்கேன்."

"அப்ப அஞ்சு மேட்ச்சை வெச்சு அம்மா காசை எப்படிக் கட்டுனே?"

தம்பி பதில் சொல்லவில்லை. அன்று மாலை அம்மாவுக்கு போன் போட்டு உண்மையைச் சொன்னார். அம்மா அழுதார், கோபப்பட்டார், இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே கூப்பிட்டு, "சாப்ட்டியா?" என்றார்.

அந்த ஆகஸ்டில், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு நாடு முழுவதும் தடை விதிக்கும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 22-ம் தேதி குடியரசுத் தலைவரின் ஒப்புதலையும் பெற்றது. தம்பியின் போனில் அந்த ஆப் அதற்கு நான்கு மாதம் முன்பே போய்விட்டிருந்தது.

டப்பாவைத் திறந்த நாள்

ஜூன் 3 அன்று அகமதாபாத்தில் பஞ்சாபை 6 ரன்னில் வீழ்த்தி, 18 வருடக் காத்திருப்புக்குப் பிறகு பெங்களூரு முதல் கோப்பையை எடுத்தது. மறுநாள் காலை சில்லறை டப்பா திறக்கப்பட்டது. பாயின்ட்ஸ் டேபிளைக் கரைத்துக் குடித்த மூன்று பேரும் அவுட். தங்கச்சியை நினைத்து எழுதிய அக்கா வின்னர். அவருக்கு அவர் கடை வடையையே வாங்கிக் கொடுத்தார்கள்.

"கணக்கே தெரியாத நீங்க எப்படிக்கா?" என்று கேட்டார் தம்பி.

"எனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும்ல" என்றார் அக்கா, எண்ணெயிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சென்னை அந்த வருடம் முதன்முறையாகக் கடைசி இடம். ஆனால், அண்ணன் பேசியது கடைசி ஆட்டத்தில் குஜராத்தை 83 ரன்னில் அடித்ததைப் பற்றியும், சீசன் நடுவில் வந்து சேர்ந்த ஆயுஷ் மாத்ரே, டெவால்ட் பிரெவிஸ் பற்றியும்தான். ஐஸ்கிரீம் சாப்பிட்ட மகள், அடுத்த வருடமும் கூட்டிப்போகச் சொல்லி இப்போதே வாக்கு வாங்கிவிட்டாளாம்.

தம்பிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. ஒன்றாம் தேதி அம்மாவுக்குப் பணம் போய்விடுகிறது. என்.பி.ஏ-வில் எந்த அணி பலம் என்று அக்டோபரில் ரயில்வே சாருக்கே பாடம் எடுக்கத் தொடங்கிவிட்டார். அதற்கும் காலண்டர் தாள் கிழிக்கப்பட்டது. பேச்சு பேச்சாக இருக்கிறவரை யார் கணிப்பு பொய்த்தாலும் நஷ்டம் பெரிதில்லை. ஒரு டீ, ஒரு மசால் வடை.