வலிமையும் நிறையும்

பழைய மோட்டார் வண்டிகளின் வரலாற்றைப் படிப்பதில் எனக்கு நெடுநாளாகவே ஆர்வம் உண்டு. பௌதிகம் கற்பிக்கும் என் மனத்தை அவற்றுள் மிகவும் கவர்ந்தது, இங்கிலாந்தின் அபிங்டன் நகரில் உருவான எம்.ஜி.பி. என்னும் சிறிய ஸ்போர்ட்ஸ் காரின் கதையே.

1962இல் வெளிவந்த அவ்வண்டிக்கு நான்கு உருளைகளும் 1,798 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுமுடைய இயந்திரம் இருந்தது. ஆற்றலைப் பெருக்க விரும்பியோர், 1967இல் 2,912 கன சென்ரிமீற்றர் கொண்ட ஆறுருளை இயந்திரத்தை அதே உடலிற் புகுத்தி, எம்.ஜி.சி. எனப் பெயரிட்டனர். வார்ப்பிரும்பாலான அவ்வியந்திரம் முன்னையதிலும் சுமார் 200 இறாத்தல் கூடிய நிறையுடையது. அதற்கு இடங்கொடுக்க முன்மூடி புடைத்தது. முன்புறச் சுருள்விற்களுக்குப் பதிலாக முறுக்குத் தண்டுகள் வந்தன. ஆயினும், முன்பாரத்தால் வளைவுகளில் வண்டி திரும்பத் தயங்குகிறதென அக்கால விமர்சகர் குறைகூறினர். 1969இல் உற்பத்தி நின்றது.

பின்னர் கென் கொஸ்ரெல்லோ என்னும் பந்தய வீரர், ரோவர் நிறுவனத்தின் 3,528 கன சென்ரிமீற்றர் எட்டுருளை இயந்திரத்தை எம்.ஜி.பி.யிற் பொருத்திக் காட்டினார். அது அலுமினியத்தாலானது. கொள்ளளவு ஏறத்தாழ இருமடங்கு. நிறையோ பழைய நாலுருளை இயந்திரத்தினதை ஒட்டியதே! 1973இல் தொழிற்சாலையும் அவ்வழியே சென்றது.

நேர்ப்பாதையில் எந்தப் பாரமும் தெரிவதில்லை, வளைவிலேதான் தெரியும். பாடசாலை முடிந்தபின் மூன்று, நான்கு தனியார் வகுப்புகளுக்கு ஓடிவிட்டு, மறுநாள் என்முன் கண்சோர்ந்து அமரும் மாணவரைக் காணும்போதெல்லாம் இக்கதையே நினைவுக்கு வருகிறது. பெற்றோர்களே, பிள்ளைகளுக்கு நாம் சேர்ப்பது வலிமையா, வெறும் நிறையா?