பஸ்ஸிலிருந்து இறக்கினால் மணி குறிக்க ஓர் ஆள்

விடியற்காலை ஐந்தரைக்குத் திருத்தணியில் திருப்பதி பஸ் ஏறினோம். பக்கத்தில் டீச்சர். ஜவ்வாது மலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். செம்மரம் வெட்டப் போனதாகப் பிடிபடுகிறவர்கள் எந்த ஸ்டேஷனில், எந்த ஜெயிலில் இருக்கிறார்கள் என்று தேடிப் போய்ப் பார்த்து எழுதி வைக்கிறார். கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு.

எல்லை தாண்டினால் நகரி. பலகையெல்லாம் தெலுங்கு, டீக்கடையில் பேச்சு தமிழ். "இங்கதான்" என்றார் டீச்சர். 2015 ஏப்ரல் 6 அன்று இந்தப் பக்கத்தில்தான் பஸ்ஸிலிருந்து கூலியாட்களைப் போலீஸ் இறக்கிக்கொண்டு போனதாக, தப்பிய ஒருவர் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் சொன்னார். ஒரு பெண்ணுக்குப் பக்கத்து சீட்டில் இருந்ததால் அவரை விட்டுவிட்டார்கள். மறுநாள் காலை சேஷாசலம் காட்டில் 20 தமிழர்கள் சுட்டுக் கொல்லப்பட்டுக் கிடந்தார்கள். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்தவர். கூட்டமாகக் கல்லும் கோடாலியும் கொண்டு தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது ஆந்திரக் காவல்துறை. தப்பியவர்களை ஆணையத்தின் முன் நிறுத்தியது மக்கள் கண்காணிப்பகம் என்ற மனித உரிமை அமைப்பு.

ஒரு சோதனைச் சாவடியில் வண்டி நின்றது. கான்ஸ்டபிள் ஏறினார். குடும்பங்களையும் மஞ்சள் வேட்டிக்காரர்களையும் கடந்து நேராகக் கடைசி சீட்டுக்குப் போனார். இரண்டு இளைஞர்கள், ஒரு துணிப்பை.

"ஏ ஊரு?"

பையன்களுக்குத் தெலுங்கு புரியவில்லை. டீச்சர் எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றார். நோட்டைத் திறந்து மணியையும் வண்டி நம்பரையும் குறித்தார்.

"என்னம்மா?"

"எழுதிக்கிறேன் சார்."

ஒருவன் வீங்கிய மணிக்கட்டைக் காட்டினான். எலும்பு முறிவுக்குப் போடும் புத்தூர் கட்டுக்குப் போகிறார்கள். கான்ஸ்டபிள் இறங்கிவிட்டார்.

"நான் இல்லாட்டியும் விட்டிருப்பாரு" என்றார் டீச்சர், உட்கார்ந்துகொண்டே. "ஒருவேளை இறக்கியிருந்தா, எத்தனை மணிக்கு, எந்த இடத்திலன்னு சொல்ல ஒரு ஆள் வேணுமில்ல?"

இஸ்ரேலியப் பெண்களைப் பற்றி அவரிடம் சொன்னேன். 2001இல் 'மக்சோம் வாட்ச்' என்று தொடங்கி, பாலஸ்தீனர்கள் கடக்கும் ராணுவச் சாவடிகளிலும் அனுமதிச்சீட்டு அலுவலகங்களிலும் முறை வைத்துப் போய் நிற்கிறார்கள். எத்தனை பேர் காத்திருந்தார்கள், யாரைத் திருப்பி அனுப்பினார்கள் என்று எழுதி வெளியிடுகிறார்கள். அந்தச் சிப்பாய்கள் அவர்கள் நாட்டுப் பிள்ளைகள்தாம்.

"முறை வைக்கிற அளவுக்கு ஆள் இருக்காங்களா!" என்றார் டீச்சர். அந்தக் குரலில் இருந்த ஏக்கம் இன்னும் காதில் இருக்கிறது. அப்புறம் அவரே சொன்னார்: "இங்கயும் 20 பேருக்காக ஐதராபாத் ஹைகோர்ட்டுக்குப் போனது தெலுங்குக்காரங்க சங்கம்தான்." ஆந்திரத்தின் சிவில் உரிமைக் கழகத்தைச் சொல்கிறார்.

திருப்பதியில் இறங்கினோம். டீச்சர் தேடி வந்தவரைக் கோர்ட்டில்தான் பார்க்க வேண்டும், அதற்கு நேரமிருந்தது. ஆட்டோ பிடித்து ஸ்ரீவாரி மெட்டுக்குப் போனோம். திருமலைக்கு ஏறும் இரண்டாவது நடைபாதை. இந்தக் காட்டுப் பக்கம்தான் அந்த உடல்கள் இரண்டு இடங்களில் கிடந்தன, ஒன்பதும் பதினொன்றுமாக. கோவிந்தா கோஷத்தோடு ஜனங்கள் படியேறிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் ஏறவில்லை.

திருப்பதி கோர்ட் வளாகத்தில் புங்கமர நிழலில் மலைக்காரப் பெண்கள் இரண்டு பேர், தூக்குவாளியோடு. வீட்டு ஆட்கள் மீதான குற்றப்பத்திரிகை தெலுங்கில் இருக்கும். இவர்களுக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும். 2013 டிசம்பரில் அதே சேஷாசலம் காட்டில் வனத்துறையினர் இருவர் அடித்துக் கொல்லப்பட்டார்கள். அவர்கள் வீட்டிலும் அழுகைதான். அந்த வழக்கில் நூற்றுக்கணக்கான தமிழ்க் கூலிகள் சிறையில் கிடந்து, 2016இல் குற்றம் நிரூபணமாகாமல் வெளியே வந்தார்கள். இடையில் போன ஆண்டுகளுக்கு யாரும் கணக்குச் சொல்லவில்லை. மரம் வெட்டக் கூட்டிப் போன மேஸ்திரிகளை இந்த மரத்தடியில் நான் பார்க்கவில்லை.

கைது செய்தால் வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் டி.கே. பாசு வழக்கில் 1996இலேயே விதித்துவிட்டது. டீச்சர் இன்று தேடி வந்தவரின் வீட்டுக்கு ஒன்பது நாளாகத் தகவல் இல்லை.

பதினோரு மணிக்கு வேன் வந்தது. இறங்கியவர்களில் நாலாவது ஆள். ஓடிப் போய்ப் பேரும் ஊரும் கேட்டுக் குறித்துக்கொண்டு, டீச்சர் மலைக்குப் போன் போட்டார்.

"பாத்துட்டேம்மா. இங்கதான் இருக்காரு. நீலச் சட்டை."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு எனக்கும் கேட்கும்படி ஒரு கேள்வி: "நல்லா நடக்கிறாராக்கா?"

டீச்சர் அதைக் கவனித்திருக்கவில்லை. "இரு, பாத்துட்டு வந்து சொல்றேன்" என்று நோட்டை எடுத்துக்கொண்டு மறுபடி உள்ளே போனார்.