பெயர் எழுதாத மொய்

விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே முதற்பொருள். தொல்காப்பியர் செய்யுளியலில் கூறும் எண்வகை வனப்பினுள் விருந்தும் ஒன்று என்பதை நம் துறை மாணவர் அறிவர். அவ்வரிசையில் விருந்துக்கு முன்னே நிற்கும் வனப்பின் பெயர் 'தோல்' என்பது, தோலாலும் விருந்தாலும் பெயர் பெற்ற நம் வேலூர், ஆம்பூர், இராணிப்பேட்டைப் பகுதியினருக்குச் சிறு நகையை விளைக்கலாம். மொய் என்னும் சொல்லோ நெருங்குதலையும் கூடுதலையும் குறிப்பது. பழத்தை எறும்பு மொய்க்கிறது என்கிறோம். மணவீட்டில் உறவினர் கூடி அளிக்கும் பணத்தையும் மொய் என்கிறோம். இவ்விரு சொற்களும் இணைந்த மொய்விருந்து ஒன்றனை 2025 சனவரித் திங்களில் நம் ஊராகிய திமிரியில் ஓர் உணவகத்தில் நடத்தினோம். அதனைப் பற்றியே இம்மலரில் எழுத விழைகின்றோம்.

நம் வட்டாரத்தில் மொய்விருந்து வழக்கில் இல்லை. திருமணத்திற்கு மொய் எழுதுவதோடு நாம் நிறுத்திக்கொள்வோம். புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரமங்கலம், வடகாடு, நெடுவாசல் முதலிய ஊர்களிலும், தஞ்சை மாவட்டத்துப் பேராவூரணிப் பகுதியிலும் அது ஆடித் திங்களின் பெருநிகழ்ச்சி. பணம் தேவைப்படும் குடும்பத்தார் பலர் சேர்ந்து ஒரே பந்தலில் கறிவிருந்து அளிப்பர். வந்தவர் உண்டு மொய் எழுதுவர். எழுதிய மொய் கடனே. அவர் விருந்து வைக்கும்போது, வாங்கியதைத் திருப்பி, அதற்குமேல் புதுமொய்யும் வைத்தாக வேண்டும். வட்டியில்லாத கூட்டுறவு வங்கி என்றே அதனைச் சொல்லலாம். ஆதலால் அங்கே மொய்ப்புத்தகம்தான் உயிர். பெயர், ஊர், தந்தை பெயர், தொகை ஆகிய அனைத்தும் பிழையின்றி எழுதப்பெறும். பணம் எண்ணும் பொறியும் கணினிச் சீட்டும்கூட இந்நாளில் பந்தலுக்கு வந்துவிட்டன.

அந்த விருந்தையே திருப்பித் தர வேண்டாத கொடையாக மாற்றியவர்களுள் திண்டுக்கல்லைச் சேர்ந்த முஜிப் பிரியாணி உணவகத்தாரும் உளர். 2024 சூலை 30 அதிகாலையில் கேரளத்து வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை ஊர்களை நிலச்சரிவு அழித்தது. இருநூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அடுத்த திங்களில் ஒருநாள் மாலை அவ்வுணவகத்தார் தம் கடையிலேயே மொய்விருந்து அறிவித்தனர். உணவுக்கு விலை குறிக்கவில்லை. உண்டவர் தம்மால் இயன்றதை வைத்துச் சென்றனர். சேர்ந்த தொகை வயநாட்டுத் துயர்துடைப்புக்கு என்பதே ஏற்பாடு. மலைக்கு அப்பால் இருப்பவருக்காக உண்டவர் எவரும், நாளை தமக்குத் திரும்பும் என்று கணக்குப் பார்த்திருக்க இயலாது.

திண்டுக்கல்லும் நம் பகுதியும் தொழிலால் உறவுடையவை. அங்கும் தோல் பதனிடுதல், அங்கும் பிரியாணி. பாலாற்று மாசு குறித்து 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில், தோல் தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் தண்டம் விதிக்கப்பட்டபோது, அப்பட்டியலில் நம் மாவட்டத்தோடு திண்டுக்கல்லும் இருந்தது. நம் பகுதியின் அறக்கொடை பெரும்பாலும் தோலிலிருந்தே வந்தது. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919இல் தோன்றியது. மேல்விஷாரத்தில் 1965இல் தொடங்கிய கல்லூரி, தோல் வணிகராகப் பெரும்பொருள் ஈட்டிப் பெரும்பொருள் ஈந்து 1938இல் மறைந்த சி. அப்துல் ஹக்கீம் சாகிபின் பெயரைத் தாங்கி நிற்கிறது. கல்விக்குப் பொருள் தேவையெனில் ஒரு பெருவணிகரின் வாயிலை நாடுவது நம் முன்னோர் கண்ட எளிய வழி. இன்று அவ்வாயில்கள் மூடிவிட்டன என்று கூற மாட்டோம். ஆயின் ஒரு கையையே நோக்கி நிற்கும் பழக்கத்தால், பத்து ரூபாய் கொடுக்க விரும்பும் நூறு கைகளுக்கு இடமில்லாமல் போயிற்று என்பது நம் கருத்து.

கல்வியை நிறுத்திக் காலணித் தொழிற்சாலைக்கு வேலைக்குச் செல்லும் நிலையில் மாணவர் இருவர் இருந்தனர். இருவரும் இறுதியாண்டு. ஒருவருடைய தந்தை தோல் தொழிற்சாலையில் நாட்கூலி; மற்றவருக்குத் தந்தை இல்லை. கட்டணப் பாக்கியும் தேர்வுக் கட்டணமும் சேர்ந்து 46,000 ரூபாய். இவ்விருவர் யார் என்பதை அறிந்தவர் மூவரே. அதற்குமேல் ஒருவருக்கும் தெரியக் கூடாது என்பது முதலிலேயே நாம் செய்துகொண்ட உறுதி.

ஆர்க்காட்டிலிருந்து ஆரணி செல்லும் சாலையில் உள்ளது திமிரி. 1751இல் கிளைவின் படை தேடிவந்த கோட்டை இருந்த ஊர் என்பதைத் தவிர வரலாற்று நூல்களில் அதற்குப் பேரிடம் இல்லை. சாலையோர உணவகம் ஒன்றன் உரிமையாளர் நம் பழைய மாணவர். எட்டு மேசைகளே உள்ள சிறு கடை. "சார், ஒரு சனிக்கிழமை ராத்திரி வியாபாரத்தை விட்டுடறேன். அடுப்பும் ஆளும் என்னோடது. அரிசியும் கறியும் மட்டும் வேற யாராவது பார்த்துக்கட்டும்" என்றார். அவர் அறிந்து சொன்னாரோ அறியாமல் சொன்னாரோ, இத்தகைய விருந்துகள் தோற்கும் இடம் அதுதான். நுழைவுச்சீட்டு விற்று, மேடை கட்டி, சுவரொட்டி அடித்து, இறுதியில் செலவு போக மிஞ்சியது சிறுதொகை என்று கைபிசைந்து நிற்பவர் பலர். செலவை முன்கூட்டியே தனியே ஏற்பாடு செய்துவிட்டால், அன்று விழும் ஒவ்வொரு காசும் உரியவருக்கே போகும். சீரகச் சம்பா 30 கிலோவை அரிசிக்கடைக்காரர் ஒருவர் தந்தார். அதே அளவு ஆட்டிறைச்சிக்கு ஊர்ப் பெரியவர் ஒருவர் பொறுப்பேற்றார். புலால் உண்ணாத அண்டை வீட்டாருக்கெனக் காய்கறிப் பிரியாணியும் தனி அடுப்பில், தனிப் பாத்திரத்தில் என்று முடிவாயிற்று.

அந்தப் பெரியவரோடுதான் நமக்கு வழக்கு எழுந்தது. ஐம்பது ஆண்டு தோல் மண்டி நடத்தியவர். மொய்ப்புத்தகம் வைத்து, கொடுப்பவர் பெயரையும் தொகையையும் ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டும் என்றார்.

"பெயர் வேண்டாம் என்று நினைக்கிறோம், ஹாஜியார்" என்றோம்.

"தம்பி, நீங்க கிதாபு படிச்சவங்க. நான் மண்டியில உக்காந்தவன். பக்கத்து வீட்டுக்காரன் ஐந்நூறுன்னு காதுல விழுந்தாத்தான் இவன் ஆயிரம் எடுப்பான். பெயர் சொல்லலேன்னா பத்து ரூபா வச்சுட்டுக் கைகழுவிட்டுப் போயிடுவான்."

"பத்து ரூபாய் மட்டுமே உள்ளவர் பெயரைச் சொன்னால், அடுத்த முறை அவர் உண்ணவே வர மாட்டாரே."

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு நாம் எதிர்பாராத இடத்தில் பிடித்தார். "செத்தும் கொடுத்தான் சீதக்காதின்னு நீங்கதானே பாடம் நடத்துறீங்க? அவரு பெயரை எழுதி வைக்காமலா நமக்குத் தெரிஞ்சுது?"

தமிழாசிரியரைத் தமிழாலேயே மடக்கும் கேள்வி அது. நாம் கூறிய விடை இது: உமறுப் புலவரை ஆதரித்தவர் கீழக்கரைச் சீதக்காதி வள்ளல். சீறாப்புராணம் பாடி முடியுமுன் அவர் மறைந்தார். அதன்பின் ஆதரித்த அபுல்காசிம் மரைக்காயரைப் புலவர் காப்பியத்துள் பல இடங்களில் போற்றுகின்றார். சீதக்காதியின் பெயர் அக்காப்பியத்துள் இல்லை. ஆயினும் இன்று ஊர்வாயில் பழமொழியாக நிற்பவர் சீதக்காதியே. அபுல்காசிமின் பெயரை அறிய நம் வகுப்புக்கு வர வேண்டியிருக்கிறது.

பெரியவர் சிரித்துவிட்டார். ஆயினும் முழுதும் இசையவில்லை, "கணக்கு வேணும், தம்பி. கணக்கில்லாத தருமத்தை ஊர் நம்பாது" என்றார். அதில் உண்மை இருந்தது. பொதுப்பணத்தில் ஐயம் எழுந்தால் அடுத்த மாணவனுக்குக் கதவு அடைபடும். ஆகவே நோட்டு வைப்பது, அதில் வரிசை எண்ணும் தொகையும் மட்டும் எழுதுவது, பெயர் எழுதாதிருப்பது என்று உடன்பட்டோம். எழுதும் பொறுப்பை அவரிடமே ஒப்படைத்தோம்.

ஜகாத் பணத்தை இதில் செலுத்தலாமா என்று சிலர் வினவினர். அதனைப் பெறத்தக்கோர் எண்வகையினர் என்பது திருமறை வகுத்த நெறி. இங்கே கொடுப்பவர் உண்ட உணவும் இடையில் கலந்திருக்கிறது. ஐயத்துக்கு இடமளிக்க வேண்டா, இது சதகா மட்டுமே என்று கூறிவிட்டோம். சோற்று மேசையில் மார்க்கச் சட்டம் பேச நமக்குத் தகுதியில்லை என்பதும் ஒரு காரணம்.

சனிக்கிழமை மஃரிபு தொழுகைக்குப் பின் முதற்பந்தி அமர்ந்தது. ஒரு பந்திக்கு 32 பேர்; இருபது நிமிடத்தில் எழுந்தால்தான் வெளியே நிற்பவர் அமர முடியும். நம் துறை மாணவச் செல்வங்கள் பரிமாறினர். இலக்கணத் தேர்வில் இடறும் இளைஞன் ஒருவன், தம் உடைத்த தேக்சாவிலிருந்து சோறு உடையாமல் அள்ளி வைத்த திறம் கண்டு வியந்தோம். கத்திரிக்காய்த் தொக்கு நான்காம் பந்தியிலேயே தீர்ந்துவிட்டது. வெங்காயப் பச்சடியைக் கொண்டு சமாளித்தனர். பேருந்து நிலையத்து ஓட்டுநர்கள், பூக்கடைக்காரர், பள்ளிவாசல் மோதினார், சிவன்கோயில் தெருப் பிள்ளைகள் என ஊரே வந்தது. ஒருவர் உண்ணாமலே நோட்டிடம் சென்று பணம் வைத்துவிட்டுப் போனார், அழைத்தும் அமரவில்லை. இன்னொருவர் இருமுறை உண்டு ஒருமுறை வைத்தார். கேட்பாரில்லை.

ஐந்தாம் பந்தியில் அந்த நாட்கூலித் தந்தை வந்து அமர்ந்தார். விருந்து யாருக்காக என்பது அவருக்குத் தெரியும். அவர் யார் என்பது பரிமாறிய பிள்ளைகளுக்குத் தெரியாது. தலைநிமிர்ந்து உண்டார், மறுசோறும் கேட்டு வாங்கினார். பெரியவர் முன் சென்று ஐம்பது ரூபாய்த் தாளை நீட்டினார். பெரியவர் நிமிர்ந்தும் பாராமல், 118 என்று எண்ணிட்டு, 50 என்று எழுதினார். நாம் அருகில்தான் நின்றோம்.

சிங்கப்பூரிலும் கோவையிலும் அன்னலட்சுமி உணவகத்தார், விரும்பியதை உண்டு விரும்பியதைக் கொடுக்கும் முறையை அன்றாட நடைமுறையாகவே கண்டவர்கள். எட்டு மேசைக் கடைக்கு அது இயலாது. ஆண்டுக்கு ஒரு மாலை இயலும்.

இஷா தொழுகைக்குப் பின் நோட்டை மூடினோம். 163 வரிகள். மிகச் சிறிய தொகை 5 ரூபாய். மிகப் பெரியது 5,000. கூட்டுத்தொகை 61,450 ரூபாய். பெரியவர் இருமுறை கூட்டிப் பார்த்து ஒலிபெருக்கியின்றித் தம் குரலிலேயே அறிவித்தார். திங்களன்று கட்டணம் செலுத்தப்பட்டது. மாணவர் பெயரை மறைத்து, கட்டணச் சீட்டுகளின் படிகளை உணவகத்துச் சுவரில் ஒட்டினோம். எஞ்சிய 15,450 ரூபாய் கல்லூரி மாணவர் நல நிதியில் சேர்ந்தது.

"பெயர் சொல்லியிருந்தா ஒரு லட்சம் தாண்டியிருக்கும்" என்று பெரியவர் இன்றும் கூறுகின்றார். தாண்டியிருக்கலாம். அந்த நோட்டை நாம் கேட்டபோது தரவில்லை. தம் மண்டிக் கணக்குப் புத்தகங்களோடு வைத்திருக்கின்றார். அதில் இன்னும் பாதிக்குமேல் வெற்றுத்தாள் இருக்கிறதாம்.