பத்துக் கிலோமீற்றர்

2023ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், ஒஸ்லோ நகர மண்டபத்துக்கு முன்னாலுள்ள சதுக்கத்தில், நெஞ்சில் இலக்கத் தாளைக் குத்திக்கொண்டு நானும் அக்காவும் நின்றோம். எம்மைச் சுற்றி ஆயிரக்கணக்கான சனம்.

நோர்வேயில் அது இலையுதிர் காலத்தின் தொடக்கம். பேர்ச் மரங்களின் இலைகள் மஞ்சளாகத் தொடங்கியிருந்தன. வெயில் இருந்தது, ஆனால் சூடு இல்லை. ஒருபக்கம் துறைமுகம், மறுபக்கம் இரண்டு கோபுரங்களுடன் செங்கல் நிறத்தில் நகர மண்டபம். 1990 முதல் நோபல் சமாதானப் பரிசு வழங்கப்படுவது இந்தக் கட்டடத்தில்தான். சமாதானம் என்றதும் எமக்கு நோர்வே நினைவுக்கு வந்த காலம் ஒன்று இருந்தது. 2002 பெப்ரவரியில் கைச்சாத்தான போர்நிறுத்த உடன்படிக்கைக்கு அனுசரணை வழங்கிய நாடு அது. 2008 ஜனவரியில் அந்த உடன்படிக்கை முடிவுக்கு வந்தது. அதன் பின்னர் நடந்ததை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நான் ஓடப் போனவள் அல்ல, அக்காவைப் பார்க்கப் போனவள். அக்காவுக்கு மார்புப் புற்றுநோய் வந்து சிகிச்சை முடிந்திருந்தது. (எங்கள் வீடுகளில் இந்த நோயின் பெயரைச் சொல்லவே மாட்டார்கள். 'அந்த வருத்தம்' என்பார்கள். நான் பெயரைச் சொல்லியே எழுதுகிறேன்.) சமைத்துப் போட வேண்டும், கைத்தாங்கலாக நடத்த வேண்டும் என்றெல்லாம் எண்ணியிருந்தேன். அவளோ தொலைபேசியில், “வரேக்கை ஒரு நல்ல சப்பாத்துக் கொண்டுவா. பத்துக் கிலோமீற்றர் ஓட்டத்துக்கு உன்ரை பேரையும் குடுத்திட்டன்” என்றாள்.

பயணத்துக்கு முன் இரண்டு மாதம் இரணைமடுக் குளக்கட்டில் பழகினேன். முதல் வாரம் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. பேசிக்கொண்டு ஓட முடிந்தால் வேகம் சரி, மூச்சு வாங்கிப் பேச்சு நின்றால் வேகம் கூடிவிட்டது என்று கொள்ள வேண்டும். அது பழகிவிட்டது. பழகாதது மற்றவர்களின் கண்கள். சமூகவியல் பரீட்சையில் பெண்களும் பொதுவெளியும் பற்றி நான்கு பக்கம் எழுதியவள் நான். விடிய ஐந்தரை மணிக்கு வீட்டுப் படலையைத் திறந்து வெளியே வர எனக்கு மூன்று நாள் எடுத்தது. சைக்கிளில் வந்த ஐயா ஒருவர் இறங்கி நின்று, “ஏன் தங்கச்சி ஓடுறாய், நாய் கலைக்குதோ?” என்று கேட்டார். உண்மையான அக்கறையோடுதான் கேட்டார். கையில் ஒரு தடியும் எடுத்துவிட்டார்.

ஒஸ்லோவில் நாம் ஓடிய ஓட்டத்துக்கு 'கிறேற்றவுக்காகப் பத்து' என்பது போன்ற ஒரு பெயர். கிறேற்ற வைற்ஸ் 1953இல் அந்த நகரில் பிறந்தவர், பாடசாலை ஆசிரியை. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் அவர் ஓடியது 1500 மீற்றர். பெண்களுக்கு அதைவிட நீண்ட ஓட்டம் அன்றைய ஒலிம்பிக்கில் இருக்கவில்லை. பெண்களின் உடம்பு தாங்காது என்ற எண்ணம் அவ்வளவுக்கு ஊறிப் போயிருந்தது. 1978இல் கணவர் தூண்டியதால் நியூயோர்க் மரதன் ஓட்டத்துக்குப் போனார். அதற்கு முன் அவ்வளவு தூரம் அவர் ஓடியதே இல்லை. முதலாவதாக வந்தார், அதுவும் பெண்களுக்கான உலகின் அதிசிறந்த நேரத்தில். வந்தவர் சப்பாத்தைக் கழற்றிக் கணவர் மீது எறிந்து, இனி இந்த வேலை வேண்டாம் என்றாராம். பின்னர் அதே ஓட்டத்தில் இன்னும் எட்டுத் தடவை வென்றார். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மரதன் வந்தது 1984இல்தான். அதில் அவருக்கு வெள்ளிப் பதக்கம்.

அவருக்கும் புற்றுநோய் வந்தது. 2007இல், நோயாளர்களுக்கு உடற்பயிற்சி கிடைக்கச் செய்ய ஓர் அமைப்பைத் தொடங்கினார். 2011இல், 57 வயதில் காலமானார். அந்த அமைப்பின் துணையோடு நோர்வே வைத்தியசாலைகளில் பயிற்சி அறைகள் நடக்கின்றன. அந்த அறையின் நோர்வேஜியப் பெயருக்கு 'மூச்சுவிடும் அறை' என்று பொருள். அக்கா மருந்து ஏறிய நாட்களிலும் அங்கே போயிருக்கிறாள். முதல் நாள் ஐந்து நிமிடம் சைக்கிள் மிதித்துவிட்டு அழுதாளாம்.

சரி, ஓட்டத்துக்கு வருகிறேன். எவ்வளவு நேரத்தில் ஓடி முடிப்போம் என்பதைப் பொறுத்துக் கூட்டங் கூட்டமாக விடுகிறார்கள். நாங்கள் கடைசிக் கூட்டம். முன்னும் பின்னும் அசைய இடமில்லாமல் தோளோடு தோள் நெருங்கி நின்றபோது என் கைகள் குளிர்ந்துவிட்டன. தெருவில் அவ்வளவு சனத்துக்கு நடுவே நான் அதற்கு முன் நின்றது 1995 ஒக்டோபர் 30 இரவு. எனக்கு எட்டு வயது, அக்காவுக்குப் பதினைந்து. கொக்குவிலில் இருந்து நாவற்குழிப் பாலம் ஏறக்குறையப் பத்துக் கிலோமீற்றர். அந்தத் தூரத்துக்கு எங்களுக்கு ஓர் இரவும் மறுநாள் காலையும் எடுத்தது. மழை. அம்மா தம்பியைத் தூக்கியிருந்தா. அக்கா தன் தாவணித் தலைப்பை என் மணிக்கட்டில் முடிந்திருந்தாள். திரும்பித் திரும்பி என்னைப் பார்த்தபடியே நடந்தாள். வலிகாமத்தில் இருந்த நீங்கள் பலரும் அந்தத் தெருவில்தான் நின்றிருப்பீர்கள்.

ஒலிபெருக்கியில் எண்ணினார்கள். கூட்டம் மெல்ல நெகிழ்ந்து ஓடத் தொடங்கியது. அக்கா என் கையைத் தட்டிவிட்டு முன்னே போனாள்.

முதல் மூன்று கிலோமீற்றர் சுகம். ட்ராம் தண்டவாளத்தில் கால் இடறாமல் பார்க்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். தெருவோரம் பிள்ளைகள் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள், ஓடுகிறவர்கள் அதில் தட்டிவிட்டுப் போக வேண்டும். ஐந்தாவதுக்குப் பிறகு விலாவில் குத்து. தண்ணீர் மேசையில் கடதாசிக் குவளையை எடுத்துக்கொண்டு நான் நடந்தேன். எழுபது வயது இருக்கும் ஓர் அம்மா என்னை முந்திப் போனார். அக்கா போய்ப் போய்த் திரும்பிப் பார்த்தாள். நோயாளியைப் பார்க்க வந்த என்னை நோயாளிதான் இழுத்துக்கொண்டு போனாள். எட்டாவது கிலோமீற்றரில் அவளுக்கு இடது கை, நெறி வெட்டிய பக்கம், கனத்துவிட்டது. கையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டு கொஞ்சத் தூரம் நடந்தாள். நானும் சேர்ந்து நடந்தேன். பிறகு ஓடினோம்.

ஒரு மணி 27 நிமிடம். கழுத்தில் பதக்கம் போட்டார்கள். எல்லோருக்கும் போடுகிறார்கள் என்று தெரிந்தும் இருவரும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். வாழைப்பழம் ஒன்றைப் பாதி பாதியாகத் தின்றோம். என் பெருவிரல் நகம் கறுத்திருந்தது.

வீட்டுக்குத் திரும்பும் ட்ராமில் அக்கா அம்மாவுக்கு அழைப்பெடுத்தாள். கொக்குவிலில் அப்போது மாலை மங்கியிருக்கும். அம்மாவுக்குக் காது மந்தம், அதனால் ட்ராம் முழுக்கக் கேட்கச் சத்தமாகச் சொன்னாள்:

“அம்மா, நானும் தங்கச்சியும் இண்டைக்கு ஓடினனாங்கள்.”

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

“ஐயோ பிள்ளையள், ஏன் ஓடினனீங்கள்? அங்கை என்ன நடந்தது?”