லண்டனுக்கு ஒரு சுனாமி

2018 ஆகஸ்டில் நெட்டப்பாக்கத்திலிருந்து பஸ் பிடித்துப் புதுச்சேரி போய், முதல் வாரமே பார்த்த படம் ‘விஸ்வரூபம் 2’. நேற்று டிவியில் மறுபடி பார்த்தேன். அன்றைய வருத்தம் அப்படியே இருக்கிறது.

முதல் பாகத்தில் வில்லன் உமரின் திட்டத்தில் ஒரு கணக்கு இருந்தது. நியூயார்க்கில் சீசியம் குண்டு. கதிர்வீச்சுக் கருவிகளைத் திசைதிருப்பப் புறாக்களின் மேல் சீசியம் கட்டிப் பறக்கவிடுவார்கள். கடைசியில் நாயகனின் மனைவி நிருபமா மைக்ரோவேவ் அடுப்பால் குண்டை மூட, அதை வெடிக்கவைக்கும் செல்போன் சிக்னல் உள்ளே போகாது. என்ன அழகான யோசனை!

இரண்டாம் பாகத்தில், உலகப் போரில் மூழ்கிய கப்பலின் வெடிமருந்தை வெடிக்கவைத்து லண்டனில் சுனாமி வரவைப்பது திட்டம். அப்படியொரு கப்பல் நிஜமாகவே உண்டு. 1944-ல் தேம்ஸ் முகத்துவாரத்தில் தரைதட்டிய ‘ரிச்சர்ட் மான்ட்கோமரி’. சுமார் 1,400 டன் வெடிபொருள் இன்னும் அதனுள்ளே கிடக்கிறது. வெடித்தால் சுற்றுவட்டாரம் தாங்காது, சரி. ஆனால் லண்டனே மூழ்குமா? 2004 டிசம்பர் 26 சுனாமியை நம் புதுச்சேரி, கடலூர்க் கரை மறக்குமா? சுமத்ரா பக்கம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்குக் கடல்தரையே பிளந்து நகர்ந்ததால் வந்த அலை அது.

அதைக்கூட மன்னிக்கலாம். அந்தத் திட்டம் பாதிப் படத்திலேயே முடிந்துவிடுகிறது. உமரோ கடைசியில் வந்து, வீட்டுப் பெண்களைக் கடத்திப் பழிவாங்கும் சாதாரண வில்லனாகிறார். உமராக ராகுல் போஸ் மாதிரி ஒரு நடிகரை வைத்துக்கொண்டு இப்படிச் செய்யலாமா?

இரண்டையும் பார்க்காதவர்கள் முதல் பாகத்தை மட்டும் பாருங்கள்.