ரெட்டெலைக்காரர் மெஸ்

ஒரகடம்
20-12-2025

அன்புள்ள செல்வம்,

இங்கே மேற்கே பார்த்தால் ஒன்றுமே இல்லை. வானம் நேராகத் தரையில் வந்து முட்டுகிறது. பொழுது சாய்ந்தால் கண் தானாக அந்தப் பக்கம் போகிறது. அங்கே இருக்கவேண்டிய மலை இல்லாததால் எனக்குத் திசையே குழம்பிப்போகிறது. நீ சிரிப்பாய். வந்து பார், தெரியும்.

அக்கா மகனைக் கம்பெனியில் சேர்த்துவிட்டு மறு பஸ்ஸைப் பிடிப்பதாகத்தான் வந்தேன். அவனுக்கு ரூம் அமையவில்லை. பத்துக்குப் பத்தில் நாலு பையன்கள், ஆளாளுக்குத் தனி வாடகை, தண்ணீர் கேனுக்குத் தனிக் காசு. நைட் ஷிஃப்ட் போய்வந்தவன் எழுந்த பாயில் பகல் ஷிஃப்ட்காரன் படுக்கிறான். வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்கு 18,720 பேர் தங்கும் அளவுக்கு அரசு விடுதி கட்டி 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். நல்ல காரியம். பையன்களைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை போலிருக்கிறது.

ஒரகடம் என் கண்ணுக்கு இன்னும் ஊராகத் தெரியவில்லை, கூட்டு ரோடாகத்தான் தெரிகிறது. வண்டலூர்–வாலாஜாபாத் ரோடும் சிங்கப்பெருமாள்கோவில்–ஸ்ரீபெரும்புதூர் ரோடும் வெட்டிக்கொள்கிற இடம். புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு டிரெய்லர் லாரிகள் போய்க்கொண்டே இருக்கின்றன. அந்தப் புழுதியில் நின்றுகொண்டு, சக்கரையைக் கொட்டிய சாம்பாரை இட்லிக்கு ஊற்றிக்கொள்கிறவர்களைப் பார்த்துப் பார்த்து மனசு விட்டுப்போயிருந்தபோதுதான் ஒரு மெஸ்ஸுக்குள்ளிருந்து, "அங்கிட்டு உக்காருங்க தம்பி, இங்கிட்டு எல பத்தல" என்று ஒரு குரல் வந்தது. அப்படியே நின்றுவிட்டேன். நம் கடமலைக்குண்டுக்காரர். அன்றைக்கு மொச்சைக் கருவாட்டுக் குழம்பு. எத்தனை தடவை சோறு வாங்கினேன் என்பதைக் கடிதத்தில் எழுதினால் என் மனைவி படித்துவிடுவாள்.

மகனுக்கு ஸ்ரீபெரும்புதூர் நோக்கியாவில் வேலை கிடைத்தபோது துணைக்கு வந்தவராம். 2014-ல் அது மூடியது. மகன் வேறு கம்பெனிக்குப் போனான், இவர் மெஸ் போட்டுவிட்டார். ஓட்டையும் இங்கேயே மாற்றிக்கொண்டார். நேற்று வந்த எஸ்.ஐ.ஆர். வரைவு வாக்காளர் பட்டியலில் தன் பெயர் இருக்கிறதா என்று மகனை விட்டுப் பார்த்து, இருக்கிறது என்று தெரிந்தபிறகுதான் இன்று அடுப்பையே பற்றவைத்தாராம். "இருக்கு, சரி. யாருக்குப் போட?" என்றார் என்னிடம். அதில்தான் ஆரம்பித்தது.

கல்லாவுக்கு மேலே எம்.ஜி.ஆர்., பக்கத்தில் ஜெயலலிதா அம்மா. இரண்டுக்கும் மாலை. எடப்பாடி படம் போட்ட கட்சிக் காலண்டரும் இருக்கிறது, ஆனால் அது அடுக்களைக்குள் தொங்குகிறது. பால் கணக்கு எழுத. "ஏண்ணே அங்க?" என்று கேட்டால், "தேதி பாக்கணும்ல" என்கிறார். வெறுப்பெல்லாம் இல்லை. நாலு வருஷம் ஆட்சியைக் கலையவிடாமல் ஓட்டினார், 2021-ல் 66 இடம் வாங்கிக்கொடுத்தார், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு டாக்டர் படிப்பில் 7.5 சதவீதம் கொடுத்தார் என்று வரிசையாகச் சொல்கிறார். அடுத்த மூச்சிலேயே, "ஆனா அந்த 10.5-ஐ எலெக்‌ஷன் நேரத்துல கொண்டாந்து தெக்க நம்ம சனத்தை எல்லாம் மொகம் சுளிக்க வச்சுப்புட்டாரே" என்கிறார். வன்னியர் உள்ஒதுக்கீட்டுக்கான அந்தச் சட்டத்தை உயர் நீதிமன்றமும் பிறகு உச்ச நீதிமன்றமும் தள்ளிவிட்டன. போன ஓட்டு போனதுதான்.

ஓ.பி.எஸ்.? இதை நம் ஊர்க்காரனுக்கு நான் என்ன எழுத. 2017 பிப்ரவரியில் அம்மா சமாதியில் போய் உட்கார்ந்தபோது இவர் மெஸ்ஸை மூடிவிட்டு மெரினாவுக்கு ஓடியிருக்கிறார். ஆகஸ்டில் ஓ.பி.எஸ். எடப்பாடியோடு கைகோத்தபோது திரும்பவும் மெஸ்ஸைத் திறந்தேன் என்று சொல்லிச் சிரித்தார். 2024-ல் அவர் ராமநாதபுரத்தில் பலாப்பழத்தில் நின்றது, அதே பெயரில் இன்னும் சில பன்னீர்செல்வங்கள் நின்று ஓட்டைக் குழப்பியது எல்லாம் இவருக்கு நெஞ்சில் முள். "மூணு தடவ முதலமைச்சரா இருந்த மனுசன், தன் பேரத் தானே தேடி ஓட்டுப் போடச் சொல்ற நெலமைக்கு வந்துட்டாரு." தினகரன் பேரைச் சொன்னால் மட்டும் கண் கொஞ்சம் மின்னுகிறது. ஆர்.கே. நகரில் 2017 டிசம்பர் 24-ம் தேதி, எம்.ஜி.ஆர். நினைவு நாள் அன்றே, குக்கர் சின்னத்தில் 40,707 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தாரே அந்த நாளை நினைத்து. ஆனால் 2024-ல் தேனியில் அதே குக்கர் தங்க தமிழ்ச்செல்வனிடம் தோற்றது. தங்க தமிழ்ச்செல்வன் எந்த எந்தச் சின்னத்தில் எல்லாம் நின்றிருக்கிறார் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. சின்னம்மா சசிகலா 2021 மார்ச்சில் அரசியலை விட்டு ஒதுங்குவதாக அறிக்கை விட்டார். இவர் அதை நம்பியிருக்கிறார், அவரே நம்பவில்லை. போன மாதம் செங்கோட்டையன் விஜய் கட்சிக்குப் போனதைப் பற்றிக் கேட்டேன். எழுந்து போய்க் குழம்பைக் கிண்டிவிட்டு வந்தார்.

இத்தனை பேரில் ஒருவரையும் இவர் திட்டவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். ஒவ்வொருவரிடமும் கட்சியில் ஒரு துண்டு இருக்கிறது, யாரிடமும் முழுசாக இல்லை என்பது இவர் கணக்கு. பங்காளிகள் பாகம் பிரித்த வீட்டில் ஆளுக்கொரு அறை கிடைத்து, அடுப்படி மட்டும் யாருக்கும் கிடைக்காமல் போன மாதிரி.

இவருடைய முதல் ஓட்டு 1989 ஜனவரியில். அப்போது 21 ஆனால்தான் ஓட்டு; இவருக்கு 23. எம்.ஜி.ஆர். போனபிறகு கட்சி இரண்டாக உடைந்து, இரட்டை இலை முடங்கிக் கிடந்தது. ஜெ. அணிக்குச் சேவல், ஜா. அணிக்கு இரட்டைப் புறா. ஜானகி அம்மா நம் ஆண்டிபட்டியிலேயே நின்றார், 1984-ல் எம்.ஜி.ஆர். புரூக்ளின் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே ஜெயித்த தொகுதி ஆயிற்றே. பக்கத்தில் போடியில் ஜெயலலிதா. இவர் அப்பா தலைவர் சம்சாரத்துக்குத்தான் என்று புறா. இவர் சேவல். வீட்டுக்குள் ஒரு வாரம் பேச்சு வார்த்தை இல்லை. முடிவு உனக்குத் தெரியும்: ஆண்டிபட்டியில் புறா தோற்றது, போடியில் சேவல் ஜெயித்தது, மாநிலம் முழுக்கச் சேவலுக்கு 27, புறாவுக்கு ஒன்றிரண்டுதான், நடுவில் 13 வருஷம் காத்திருந்த கலைஞர் 150 இடத்தோடு கோட்டைக்குப் போனார். அடுத்த மாதமே இரண்டும் சேர்ந்தன, இலை திரும்பி வந்தது, ஜானகி அம்மா ஒதுங்கிக்கொண்டார்.

"அன்னைக்கு யாரு வாரிசுன்னு நாங்கதான் தம்பி முடிவு பண்ணுனோம்" என்றார். உண்மைதான். ஆனால் அந்த முடிவை எடுக்க ஒரு ஆட்சியைப் பறிகொடுக்க வேண்டியிருந்தது. கட்சி இவர்களைக் கூப்பிட்டுக் கேட்பதில்லை, அதனால் பொதுத் தேர்தலே இவர்களுக்கு உட்கட்சித் தேர்தல் ஆகிவிடுகிறது. தன் கட்சிக்காரனுக்குப் பாடம் சொல்ல எதிர்க்கட்சியை ஜெயிக்கவைக்கிறார்கள், இல்லையென்றால் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். 2024-ல் இரட்டை இலைக்கு ஒரு எம்.பி.கூட இல்லை. அதை எல்லோரும் திமுக அலை, பாஜக பிரித்தது என்று எழுதினார்கள். எனக்கு என்னவோ அதில் பாதி, இந்த மாதிரி மெஸ்ஸுக்குள் இருந்து வராமல் போன ஓட்டு என்றுதான் படுகிறது.

இதில் வேடிக்கை, அதிமுக விதியிலேயே இது இருக்கிறது. பொதுச் செயலாளரை அடிப்படை உறுப்பினர்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவேண்டும் என்று எம்.ஜி.ஆர். எழுதிவைத்தார். வேறு எந்தக் கட்சியிலும் இப்படித் தெளிவாக எழுதிவைத்ததாக எனக்கு நினைவில்லை. 2022 ஜூலை பொதுக்குழுவில் அந்த விதிக்குத் திரும்பவும் உயிர் கொடுத்தார்கள், கூடவே நிபந்தனை: போட்டியிடுகிறவரை 10 மாவட்டச் செயலாளர்கள் முன்மொழியவேண்டும், 10 பேர் வழிமொழியவேண்டும், தலைமைக் கழகத்தில் 5 வருஷம் பொறுப்பில் இருந்திருக்கவேண்டும். 2023 மார்ச்சில் தேர்தல் அறிவித்தார்கள். ஒரே மனு. 28-ம் தேதி எடப்பாடி போட்டியின்றித் தேர்வு. அடிப்படை உறுப்பினர் கார்டு இவர் சட்டைப்பையிலேயே இருக்கிறது, எடுத்துக் காட்டினார். அதை வைத்து இதுவரை ஒரு ஓட்டும் போட்டதில்லை. வேட்பாளர் விஷயத்திலும் அப்படித்தான். 2021-ல் விருப்ப மனுவுக்கு 15,000 ரூபாய்; கட்டுகிறவர் கட்டுவார், நேர்காணல் நடக்கும், பெயர் ராயப்பேட்டையிலிருந்து வரும். ஸ்ரீபெரும்புதூரில் 2016-லும் 2021-லும் இலைக்குப் பழனிதான், எதிரே காங்கிரஸ் செல்வப்பெருந்தகைதான். முதல் தடவை ஜெயித்தது பழனி, அடுத்த தடவை செல்வப்பெருந்தகை. 2019 எம்.பி. தேர்தலில் இலையே இல்லை, கூட்டணிக்கு விட்டுவிட்டார்கள், பாமகவின் மாம்பழம். "மெசினுக்கு முன்னாடி நின்னு எலையத் தேடுனேன் தம்பி. வெளிய பூத் ஏஜெண்டு இருமுறான்."

அமெரிக்காவில் அதிபர் வேட்பாளரைக் கட்சி வாக்காளர்களே மாநிலம் மாநிலமாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள், 2016-ல் குடியரசுக் கட்சியில் மட்டும் 17 பேர் நின்றார்கள், பழமை விரும்பிகள் யாரும் சரியில்லை என்று அங்கேயும் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள் என்று சொன்னேன். "பதினேழா! எங்களுக்கு நாலு பேருக்கே கிறுகிறுங்குது" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா கேக்குறாங்கல்ல" என்றார்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த பையன்கள் இதற்குள் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். அதில் ஒருவன், போன வருஷம் சாம்சங் தொழிற்சாலையில் 37 நாள் நடந்த வேலைநிறுத்தப் பந்தலில் அண்ணனோடு உட்கார்ந்தவன். "தாங்க சேர்ந்த சங்கத்தைப் பதிவு பண்ணத்தான் அம்புட்டு நாளும். இந்த ஜனவரியில பதிவாச்சு. நீங்க கட்சியில இத்தனை வருஷம் இருந்துட்டுக் கார்டைப் பையில வச்சிருக்கீங்க" என்றான். பெரியவருக்குக் கோபம் வரும் என்று பார்த்தேன். "உன் சங்கத்துல எம்.ஜி.ஆர். இல்லைடா" என்றார், அவ்வளவுதான். பெரியவர் மகன் விஜய்க்குத்தான் என்று முடிவு செய்துவிட்டானாம். பாஜகவோடு இந்த ஏப்ரலில் திரும்பக் கூட்டணி வைத்தது இவருக்குப் பிடிக்கவில்லை, ஆனால் அம்மாவே 1998-ல் வைத்ததுதானே என்றும் தானே சமாதானம் சொல்லிக்கொள்கிறார். இந்தச் சமாதானங்களையெல்லாம் கேட்கும்போது எனக்கு ஒன்று தோன்றியது: கொள்கைக்காக ஓட்டுப் போடுகிறவனுக்கு வழி சுலபம், கொள்கை மாறினால் அவனும் மாறிவிடலாம். பழக்கத்துக்கும் நன்றிக்கும் ஓட்டுப் போடுகிறவன் எங்கே போவான்? எம்.ஜி.ஆர். சத்துணவு போட்டதற்கான நன்றியை விஜய்க்கு மாற்றிக்கொடுக்க முடியாது, ஸ்டாலினுக்கும் முடியாது. என் மைத்துனன் இவர்களை அறிவில்லாத கூட்டம் என்பான். நான் அப்படிச் சொல்லமாட்டேன். ஆனால் இந்த விசுவாசத்தை நம்பித்தான் தலைவர்கள் இவர்களைக் கேட்காமலே இருக்கிறார்கள் என்பதையும் மறைக்கமுடியாது. அது எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது.

ஸ்ரீபெரும்புதூருக்கும் போய்வந்தேன். ராமானுஜர் பிறந்த ஊரில் மார்கழிக் காலை, ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் பொங்கல் நன்றாக இருந்தது. ராஜீவ் நினைவிடத்தையும் பார்த்தேன். 1991 மே 21 இரவு இங்கே நடந்ததற்குப் பிறகுதான் அந்த அலை எழுந்தது, சேவலாக இருந்து இலையாகத் திரும்பிய கட்சி ஆட்சிக்கு வந்தது. இவர் அப்பாவும் அந்தத் தேர்தலில் இலைக்குத்தான் போட்டாராம், புறாவை மறந்துவிட்டு.

பையனுக்கு ரூம் கிடைத்துவிட்டது, மெஸ்ஸுக்குப் பின்னாலேயே. மாதக் கணக்கு. 24-ம் தேதி எம்.ஜி.ஆர். படத்துக்குப் புது மாலை போட்டுப் பையன்களுக்கு இலவசச் சாப்பாடு, இருந்துவிட்டுப் போங்கள் என்கிறார் பெரியவர்; முடியாது, ஆபீசில் திட்டுவார்கள்.

ஒரு வேலை உனக்கு. நம் தொகுதியில் 2019-லும் 2021-லும் அண்ணன் மகாராஜன் சூரியன், தம்பி லோகிராஜன் இலை, இரண்டு தடவையும் அண்ணன். வரப்போகிற தேர்தலிலும் இலைக்குத் தம்பிதானா, இல்லை வேறு யாராவது விருப்ப மனு கட்டப்போகிறார்களா என்று பெரியவர் என்னைத் துளைக்கிறார். இங்கே ஓட்டு இருந்தாலும் அங்கேதான் நினைப்பு. உன் மச்சான் கிளைச் செயலாளர்தானே, கேட்டு எழுது. மச்சானைக் கேட்டார்களா என்றும் கேட்டு எழுது.

அன்புடன்,
ராசு